ஆயில் இல்லாட்டா இப்படித்தான் ஆகும்

எங்கள் தெருவில் எபநேசர் பட்டறை எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். கண்ணாடிக்காரர் பட்டறை என்று கேட்டால் உடனே கைகாட்டிவிடுவார்கள். அவர் கண்ணாடி விற்றதும் இல்லை, மூக்குக்கண்ணாடி போட்டதும் இல்லை. கோவில்பட்டியில் டிராக்டருக்கும் பம்புசெட்டுக்கும் தேய்ந்துபோன சிலிண்டரைக் கடைந்து சரிசெய்து தருவதுதான் அவர் தொழில். அவர் வேலை பார்த்த சிலிண்டருக்குள் குனிந்தால் குனிந்தவன் முகம் தெரியும். பெயர் அப்படி வந்தது.

நான் அவருக்கு நேர் எதிரே ஆயில் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் திருப்பதி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டிலேயே சொல்வார்கள். அப்படிப்பட்ட வாய் ஒரு நாள் மட்டும் மூடிக்கொண்டு நின்றது. அதனால் இதை அவர் கதையாக மட்டும் எழுதிவிட்டு நான் நைசாக நழுவிக்கொள்ள முடியாது.

எபநேசர் அண்ணாச்சிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அளவெடுக்கும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். ஒரு சிலிண்டரை மேலே, நடுவிலே, அடியிலே என்று மூன்று இடத்தில் அளப்பார். அளந்ததை நம்பாமல் இன்னொரு தடவை அளப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போவார், நகக்கண்ணில் மட்டும் கருப்பு போகாது. குறை என்று ஒன்று உண்டென்றால், பாராட்டு என்றால் மனுஷன் உருகிவிடுவார். 'உங்க வேலை மாதிரி வராது அண்ணாச்சி' என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்கும் சேர்த்து டீ வரும்.

அந்தத் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சிலிண்டரைக் கடைந்தபின் ஹோனிங் கல் விட்டு எடுப்பார்கள். கல் சுழன்றபடி மேலும் கீழும் போய்வரும்போது உள்சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் விழும். பார்க்கிறவனுக்கு அது கீறல். இன்ஜினுக்கு அதுதான் உயிர். அந்தக் கோடுகளில் ஆயில் தங்கும், தங்கிய ஆயிலின் மேல் பிஸ்டனும் ரிங்கும் வழுக்கிக்கொண்டு ஓடும். கோடு ரொம்ப ஆழமாக இருந்தால் ரிங் தேய்ந்து இன்ஜின் ஆயில் குடிக்கும். கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தாலோ, ரிங் ஏறி இறங்கும்போது ஆயிலை வழித்துக்கொண்டு போய்விடும். பிறகு உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரச வேண்டியதுதான். வழவழப்பாக இருந்தால் உரசல் குறையும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். ஓரளவு வரைக்கும் அது சரி. அதைத் தாண்டினால் சரியில்லை.

இது அண்ணாச்சிக்குத் தெரியாதா என்றால், எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஆரம்பத்தில் கோடு போட்டுத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் குளத்தூர்க்காரர் ஒருவர் தன் பம்புசெட் சிலிண்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, புதுச் சிலிண்டரில் கீறல் விழுந்து கிடக்கிறதே என்று முகத்தைச் சுளித்தார். அண்ணாச்சி எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. அடுத்த தெருப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பளபளப்பாக்கி, அதை அண்ணாச்சி வாசல் வழியாகவே கொண்டுபோனார். அண்ணாச்சிக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

அடுத்த வேலையிலிருந்து ஹோனிங் முடிந்ததும் மர உருளையில் நைஸ் எமரித்தாளைச் சுற்றி, டிரில் மோட்டாரில் மாட்டி உள்ளே விட ஆரம்பித்தார். தான் போட்ட கோட்டைத் தானே அழித்தார். முகம் தெரிந்தது. ஜனங்கள் சொக்கிப்போனார்கள். சிலிண்டருக்குள் தங்கள் முகத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்த புஞ்சைக்காரச் சம்சாரிகளை நானே பார்த்திருக்கிறேன். தெரியாமல் செய்தால் பரிதாபப்படலாம். தெரிந்தே செய்தார். எனக்கு அவர்மேல் கோபம் வருகிற இடம் அதுதான்.

பம்புசெட் இன்ஜின்கள் பாவம், மெதுவாக ஓடுகிறவை, எப்படியோ சமாளித்தன. சிலது புகை தள்ளின. ரிங் சரியில்லை என்பார் அண்ணாச்சி. அதைக் கேட்டுக்கொண்டு சம்சாரிகள் எதிரே வந்து, உங்க ஆயில் சரியில்லையோ என்று என்னிடம் வம்புக்கு நிற்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புரட்டாசியில் நாகலாபுரம் இசக்கியப்பனின் டிராக்டர் வேலைக்கு வந்தது. மூன்று சிலிண்டர் இன்ஜின். கொண்டுவந்தவன் அவருடைய டிரைவர் பேச்சிராஜா. பதினோரு வருஷமாக அந்த ஸ்டியரிங்கில் உட்கார்ந்தவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் சிரிக்க வைப்பான். அண்ணாச்சி மூன்றையும் கடைந்து, கல் விட்டு முடித்துவிட்டார். முதல் இரண்டுக்கும் எமரியும் விட்டாயிற்று. மூன்றாவதற்கு விடப்போகும்போது கரண்ட் போய்விட்டது. அதே நேரத்தில் பேச்சிராஜா லோடு ஆட்டோவோடு வந்து நின்றான். முந்தின நாள் நாகலாபுரத்தில் நல்ல மழை. கரிசலில் ஈரம் ஒரு பதமாக இருக்கும்போதே உழுது விதைத்துவிட வேண்டும். விட்டால் மேல்மண் காய்ந்து வெடித்துவிடும்.

கரண்ட் வரட்டும், ஒரு மணி நேரம் பொறு என்றார் அண்ணாச்சி. பேச்சிராஜா மூன்றாவது சிலிண்டரை எட்டிப் பார்த்தான்.

"இதுல மொகம் தெரியாட்டா போகுது அண்ணாச்சி. உழப்போறது டிராக்டரா, கண்ணாடியா? குடுங்க, ஈரம் காஞ்சிரும்" என்றான்.

தலைவாராத பிள்ளையைக் கல்யாண வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அண்ணாச்சி அதை ஏற்றி அனுப்பினார். இன்ஜினுக்கு வேண்டிய ஆயிலை என் கடையில்தான் பேச்சிராஜா வாங்கினான். ஒரு லிட்டர் கூடுதலாகவே வாங்கினான், மேலே ஊற்றத் தேவைப்படும் என்று.

ஓட்ட ஆரம்பித்த மூன்றாம் நாள் டிராக்டர் நடுப்புஞ்சையில் நின்றது. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. ஊரிலிருந்த மெக்கானிக் அங்கேயே வைத்துப் பிரித்தார். பிரிக்கும்போது ஆயிலைத் திறந்து மண்ணில் விட்டுவிட்டார்கள். எவ்வளவு இருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. மறுநாள் மூன்று சிலிண்டரும் இருக்கிற பிளாக்கும் கழற்றிய சாமானும் அண்ணாச்சி பட்டறைக்கு வந்தன. கூடவே இசக்கியப்பனும் பேச்சிராஜாவும் வந்தார்கள். தப்பு ஆயில் தலையில் விழுந்துவிடக் கூடாதே என்று நானும் கடையை விட்டுவிட்டு ஓடினேன்.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். முதல் சிலிண்டரில் பிஸ்டனின் அலுமினியம் ஈஷி, சுவர் முழுக்க நெடுக்குக் காயம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பார்த்தார். ஒரு காயம் இல்லை. போட்ட கோடுகள் போட்டபடி இருந்தன. உள்ளே விரலை விட்டு எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்தார். விரல் நனைந்திருந்தது. பிறகு கழற்றி வந்த பேரிங்குகளைப் புரட்டினார். ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் முதலில் கருகியிருக்க வேண்டியவை அவை. புதுசாக இருந்தன.

ஒரே இன்ஜின், ஒரே ஆயில், ஒரே டிரைவர். எமரி விட்ட இரண்டும் செத்துவிட்டன, விடாத ஒன்று பிழைத்துக்கொண்டது. அவருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. இருபது வருஷமாக ஆயில் விற்கிறேன், எனக்கும் விளங்கிவிட்டது.

இசக்கியப்பன் கேட்டார். "ஆயில் இல்லாம ஓட்டுனா இப்படி ஆகுமா அண்ணாச்சி?"

அண்ணாச்சி வேஸ்ட் துணியை எடுத்து விரலைத் துடைத்தார். ஒரே விரலை ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஆயில் இல்லாட்டா இப்படித்தான் ஆகும்" என்றார்.

இசக்கியப்பன் பேச்சிராஜா பக்கம் திரும்பினார். தினமும் காலையில் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் குச்சியை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன் என்று பேச்சிராஜா மூன்று தடவை சொன்னான். மூன்றாவது தடவை குரல் இறங்கிவிட்டது. சாவியைக் கொடு என்றார் இசக்கியப்பன். டிரவுசர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். 'ஆயில் சரியில்லை' என்ற பேச்சு வராமல் 'ஆயில் இல்லை' என்ற பேச்சு வந்ததில் எனக்கு உள்ளூர நிம்மதி. சத்தியமாக நிம்மதிதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கே என்னைப் பிடிக்காமல் போகிறது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? விளாத்திகுளம் வட்டாரம் முழுக்க அவன் பெயர் ஆயில் பேச்சி ஆகிவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்தால், 'ஏலே, ஆயில் பாத்தியா?' சைக்கிளை எடுத்தால், 'ஆயில் பாத்தியா?' இன்ஜினே இல்லாத சைக்கிளுக்கு என்னத்தைப் பார்ப்பது. ஒருத்தரும் அவனுக்கு ஸ்டியரிங் கொடுக்கவில்லை. குளத்தூர்ப் பக்கம் உப்பளத்துக்குக் கூலிக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம்.

அண்ணாச்சி அன்றோடு எமரி விடுவதை நிறுத்திவிட்டார். அந்த மர உருளையை இரண்டாகப் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார். கோடு தெரிகிறதே என்று எவனாவது கேட்டால், வேணும்னா கொண்டுபோ, இல்லாட்டா வச்சிட்டுப் போ என்று எரிந்து விழுந்தார். பாராட்டு வந்தால் முகம் கடுகடுவென்று ஆகும். கண்ணாடிக்காரர் என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார்.

அந்தப் பிளாக்கை எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று இசக்கியப்பன் சொல்லியிருந்தார். அண்ணாச்சி போடவில்லை. பட்டறை மூலையில் நிறுத்தி மேலே சாக்கைப் போட்டு மூடி வைத்தார். நான் ஒருநாள் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். முதல் இரண்டும் துருவேறிக் கிடந்தன. மூன்றாவதில் கோடுகளுக்குள் இன்னும் ஈரம் மினுங்கியது.

கோயிலில் மாதம் ஒரு ஞாயிறு திருவிருந்து உண்டு. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து முன்னால் போவார்கள். ஒருத்தனோடு மனத்தாங்கலை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது என்பது அவர்கள் முறை. மாதம் தவறாமல் முன்னால் போகிற அண்ணாச்சி அந்த மாதத்திலிருந்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி எஸ்தர்ராணி அக்கா என்ன என்று கேட்டபோது வயிறு சரியில்லை என்றாராம். அடுத்த மாதமும் வயிறு. அதற்கடுத்த மாதமும். "அது என்ன திருப்பதி, மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை மட்டும் வலிக்குத வயிறு?" என்று அக்கா என்னிடம் வந்து கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அதுவும் பொய்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவரிடமே பேச்சை எடுத்தேன். அதற்காகவே காத்திருந்த மாதிரி பதில் வந்தது.

"நான் பொய் சொல்லல திருப்பதி. அவன் ஆயில் ஊத்தலன்னு நான் சொல்லவே இல்ல. ஆயில் இல்லாட்டா இப்படி ஆகும்னேன். அந்தச் செவுத்துல ஆயில் இல்லதான?"

"அப்ப எதுக்குச் சாக்கு போட்டு மூடி வச்சிருக்கீங்க?" என்றேன். பத்து நாள் என்னோடு பேசவில்லை.

அந்த ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார். சொன்னது உண்மைதான் என்று அவருக்கு அவரே எத்தனை தடவை சொல்லிக்கொண்டாரோ.

இந்த ஆடியில், ஒரு காலை நேரத்தில் பேச்சிராஜா வந்தான். நான் அண்ணாச்சி பட்டறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆள் கருத்து, வற்றிப்போயிருந்தான். உள்ளங்கை வெடித்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. அண்ணாச்சி எழுந்துவிட்டார். உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. இடைசெவலில் சுடலைராஜ் என்று ஒருவர் புது டிராக்டர் எடுத்திருக்கிறாராம். ஆள் தேடுகிறாராம். கண்ணாடிக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் யோசிக்கிறேன் என்றாராம். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறான்.

சட்டையைப் பிடிக்க வந்திருந்தால்கூட அண்ணாச்சி தாங்கியிருப்பார். அவன் கும்பிட்டான்.

"அன்னைக்கு நான் பாத்தேன்னுதான் இவ்வளவு நாளும் நெனச்சிட்டிருந்தேன் அண்ணாச்சி. இப்பம் எனக்கே சந்தேகமா இருக்கு. வீட்டுல எம் பொண்டாட்டி வள்ளித்தாயிகூடக் கேட்டுட்டா, நெசமாவே பாத்தியளான்னு. மழ அவசரத்துல ஒருவேள பாக்காம ஏறியிருப்பேன். நீங்க சொன்னா தப்பா இருக்காதுல்லா. இனிமே அப்படி நடக்காதுன்னு அவியகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

அண்ணாச்சி மூலைக்குப் போய்ச் சாக்கை இழுத்துக் கீழே போட்டார். வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

"தொட்டுப் பாரு" என்றார். அவன் முதல் சிலிண்டருக்குள் விரலை விட்டான். துரு. இரண்டாவதிலும் துரு. மூன்றாவதில் விட்டு எடுத்து, விரலைப் பார்த்தான்.

"ஆயில் இருந்துச்சு தம்பி. நீ பாத்துத்தான் ஏறியிருக்க. அது நிக்க எடமில்லாம கோட்ட நான்தான் அழிச்சிட்டேன். ரெண்டுல அழிச்சேன், மூணாவது நீ அவசரப்படுத்துனதால தப்பிச்சிட்டு."

பேச்சிராஜாவுக்கு விளங்க நேரம் ஆனது. மறுபடியும் மூன்றிலும் விரலை விட்டுப் பார்த்தான். அவன் டிரைவர், இன்ஜின் தெரிந்தவன். விளங்கியதும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்" என்றார் அண்ணாச்சி. நானும் எழுந்து, எனக்கும் தெரியும் என்றேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மன்னிச்சிரு என்று அண்ணாச்சி சொன்னார். அழுதார். ஐம்பத்தைந்து வயது ஆம்பிளை பட்டறை நடுவில் நின்று அழுவதைப் பார்க்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேச்சிராஜா அழவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. இங்கன வச்சு எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம், அங்கன வந்து சொல்லுங்க என்றான். ஞாயமான பேச்சு.

அன்றைக்கே அந்தப் பிளாக்கை லோடு ஆட்டோவில் ஏற்றி மூன்று பேருமாக நாகலாபுரம் போனோம். டீக்கடை முன்னால் இறக்கி வைத்தோம். கூட்டம் கூடிவிட்டது. இசக்கியப்பனுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தோம். அண்ணாச்சி ஒன்றையும் மறைக்கவில்லை. எமரி விட்டதை, கரண்ட் போனதை, மூன்றாவது பிழைத்ததை, பார்த்த நிமிஷமே தனக்குத் தெரிந்ததை, தெரிந்தும் வார்த்தையை வளைத்துப் பேசியதை, எல்லாவற்றையும் நின்றபடி சொன்னார். இவன் வாங்கிய ஆயில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன் என்று நான் என் பங்கைச் சொன்னேன். இசக்கியப்பன் மூன்றாவது சிலிண்டரைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல கீறல்லா கெடக்கு" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கீறல்தான் நல்ல சிலிண்டர் என்று பேச்சிராஜாவே அவருக்கு விளக்கிச் சொன்னான்.

இசக்கியப்பன் அண்ணாச்சியைக் கண்டபடி பேசினார். பேசட்டும், பேச வேண்டியதுதான். பிறகு பேச்சிராஜாவை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார். அவன் வரவில்லை என்று சொல்லிவிட்டான். சுடலைராஜிடம் அண்ணாச்சியே நேரில் போய்ப் பேசி, அந்த ஸ்டியரிங் அவனுக்குக் கிடைத்தது. நாகலாபுரத்திலிருந்து அண்ணாச்சிக்கு வந்துகொண்டிருந்த வேலை அதோடு நின்றது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறைப்படவில்லை.

இனிமேல் வயிறு வலிக்காது என்றுதான் எஸ்தர்ராணி அக்கா நம்பியிருந்தார். ஆவணியில் திருவிருந்து வந்தபோதும் அண்ணாச்சி பெஞ்சை விட்டு எழவில்லை. சொல்லியாச்சுல்லா என்று கேட்டதற்கு, அவன் இன்னும் ஒண்ணும் சொல்லலியே என்றாராம்.

போன வாரம் பேச்சிராஜா சுடலைராஜின் டிராக்டரில் என் கடைக்கு ஆயில் வாங்க வந்தான். வாங்கி வைத்துவிட்டு, கிளம்புவதற்கு முன் பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவினான். துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். அதைக் கையில் பிடித்தபடி ரோட்டைத் தாண்டி அண்ணாச்சியிடம் போனான். குத்திக்காட்டத்தான் போகிறான் என்று நினைத்து நானும் பின்னாலேயே போனேன்.

அப்படி இல்லை. இடைசெவலிலும் இப்போது அவன் வழக்கம் அதுதானாம். டீக்கடையோ பஸ் ஸ்டாப்போ, வண்டியை எடுப்பதற்கு முன் பக்கத்தில் யார் இருந்தாலும் அவரிடம் குச்சியைக் காட்டிவிட்டுத்தான் ஏறுவானாம். வேண்டாம்ப்பா, நம்புதோம் என்று சொன்னாலும் கேட்பதில்லையாம்.

"ஆயில் இருக்கு. பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்றான். குரலில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை.

அண்ணாச்சி குச்சியைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்து 'இருக்கு' என்று சொல்லும் வரைக்கும் பேச்சிராஜா குச்சியை நீட்டியபடியே நின்றான். சொன்ன பிறகுதான் போய் வண்டியைக் கிளப்பினான்.